குத்தகைப் பாக்கி விழுந்தால் எந்த வழி?

தூத்துக்குடி வேலையை விட்டுவிட்டுப் பசுவந்தனைப் பக்கம் கரிசல் நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கிற இளைஞர்களைப் பார்க்கிறேன். புரட்டாசியில் மழை ஏமாற்றிவிடுகிறது, அல்லது மக்காச்சோளத்தில் படைப்புழு விழுகிறது. தை வந்ததும் பாக்கி நிற்கிறது. அப்போது அப்பாவும் மாமாவும் சொல்வது ஒன்றுதான்: "கட்டாதே, நிலத்தையும் விடாதே. சட்டம் உழுகிறவன் பக்கம்." பக்கத்து ஊரில் ஒருவர் அப்படி நிலத்தைப் பிடித்துக்கொண்டார் என்ற கதையும் கூடவே வரும். பையன் அதை நம்பிவிடுகிறான்.

பாக்கிக்காரனுக்கு நான்கு வழிகள்: நிலக்காரரிடம் தவணை கேட்பது, பணத்தைச் சட்டப்படி டெபாசிட் செய்வது, நிலத்தை ஒப்படைப்பது, கட்டாமல் உட்கார்ந்துகொள்வது. தவணை கேட்பவர் அதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். ஒப்படைப்பது அவரவர் கணக்கு.

உட்கார்ந்துகொள்வதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உண்மையிலேயே பெரிய காவல். ஆனால் குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று சொல்லும் அதே மூன்றாம் பிரிவு, யாரை வெளியேற்றலாம் என்றும் சொல்கிறது. கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் குத்தகையைக் கட்டாதவர் முதல் ஆள். நிலக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பவரும் அந்தப் பட்டியலில் உண்டு. "பன்னிரண்டு வருஷம் இருந்தால் நமக்கே சொந்தம்" என்று பேசுகிறவர்கள் பையனை நேராக அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். குத்தகைக்காரராக உள்ளே வந்தவருக்கு, எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த இருப்பினால் மட்டும் நிலம் சொந்தமாகாது.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. அந்தச் சட்டத்தின் கண்ணில் சாகுபடி குத்தகைதாரர் என்றால், தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ நிலத்தில் போடுகிறவர். உழவுக்கு வாடகை டிராக்டர், களைக்கும் மருந்தடிக்கவும் கூலி ஆள், தான் கோவில்பட்டிக் கடையில் வேலை என்று இருப்பவர் எதைக் காட்டி அந்தக் காவலைக் கேட்பார்? குத்தகை ஒப்பந்தமும் வாய்ப்பேச்சு, ரசீதும் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், நிலக்காரர் முகம் கோணுமே என்று தாசில்தார் அலுவலகப் பக்கம் போவதில்லை.

நான் சொல்லும் வழி டெபாசிட்தான். நிலக்காரர் வாங்க மறுத்தாலும், கெடு முடிந்த ஒரு மாதத்துக்குள் அவர் கணக்கில் வருவாய் அதிகாரியிடம் கட்டிவிடலாம். விளைச்சலாகக் கொடுக்கும் குத்தகை என்றால் அன்றைய சந்தை விலையைக் கட்டலாம். மாதம் தாண்டிப் போனாலும் கதவு மூடிவிடாது. நிலக்காரர் வெளியேற்ற மனுப் போட வேண்டிய இடம் கோட்டாட்சியர். இருவர் நிலைமையையும் பார்த்து, நியாயமான அவகாசம் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தேதிக்குள் கட்டினால் நிலம் தங்கும். மனுவே போடாமல் நிலக்காரர் வேறொருவரை விட்டு உழவைக்க முடியாது. நியாயக் குத்தகை மொத்த விளைச்சலில் 25 சதவீதம்தான் என்பதையும் தெரிந்துகொண்டு பேச உட்காருங்கள். கோயில் நிலத்துக்கு 1961ஆம் ஆண்டின் சட்டம் தனியாக இருக்கிறது.

கோவில்பட்டி நகராட்சிக்குள் வீட்டு வாடகை என்றால் கதையே வேறு. அங்கே 2017ஆம் ஆண்டுச் சட்டம்: இரண்டு மாதப் பாக்கி, அதைக் கேட்டு ஒரு நோட்டீஸ், அதற்குப் பிறகு ஒரு மாதத்திலும் கட்டாவிட்டால் வெளியேற்றக் கேட்கலாம்.

மானாவாரியில் ரொக்கக் குத்தகையை நான் எப்போதும் வெறுத்திருக்கிறேன். வானத்தை நம்பி விதைப்பவன் தொகையை முன்கூட்டி முடிவு செய்யக் கூடாது. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்குப் பிடித்தவன், உளுந்து காய்க்காத வருஷத்திலும் நிலக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். பிள்ளைகளே, நிலம் வேண்டும் என்று தோன்றுவதற்கு முன் மண்ணில் இறங்கி நிற்கும் பழக்கம் வர வேண்டும். இரண்டு பட்டம் பொய்த்தாலும் மூன்றாவதற்கு விதை எடுத்து வைக்கிற பொறுமை இல்லாவிட்டால் வேறு தொழில் பாருங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. இருக்கிறது என்றால் இந்தத் தை அறுப்புக்கு முன்பே உரக்கடை பில், அடங்கல் நகல், கொடுத்த பணத்துக்கான ரசீது மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.