சூரிய சக்திக் குளிரறையில் மரக்கறிகளைக் காத்தல்

சிறுபோகத்தில் நெல்வயல்களிலும் மேட்டுநிலங்களிலும் செய்கை பண்ணப்படும் தக்காளி, கத்தரி, வெண்டி என்பன ஒரே காலத்திற் சந்தையை அடைவதால் விலை வீழ்கின்றது. வைத்து விற்க வழியில்லாத கமக்காரர் கேட்ட விலைக்குக் கொடுக்க நேர்கின்றது.

பறித்த பின்னரும் மரக்கறிகள் சுவாசிக்கின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் அச்சுவாசம் இரண்டு அல்லது மூன்று மடங்காகும். சுவாசம் மிகுந்தால் விளைபொருள் விரைவில் வாடும். எனவே குளிர்ச்சி அதன் ஆயுளை நீட்டும்.

சூரிய சக்திக் குளிரறையில், கூரைமேலுள்ள தகடுகள் சூரிய ஒளியை மின்னாக்கும். அம்மின்னாற் குளிரூட்டும் பொறி இயங்கும். இரவுக்கு வேண்டிய குளிர் பனிக்கட்டியாகவோ, மின் மின்கலங்களிலோ சேமிக்கப்படும்.

ஒரே அளவு குளிர் எல்லா மரக்கறிகளுக்கும் பொருந்தாது. ஏற்ற அளவுகள் (பாகை செல்சியசு) வருமாறு:

கரட், கோவா, லீக்சு, பீற்றூட்: 0
போஞ்சி: 5 – 7
வெண்டி, பச்சை மிளகாய்: 7 – 10
கத்தரி, வெள்ளரி: 10 – 12
முற்றிய பச்சைத் தக்காளி: 12 – 13

குளிர் மிகுந்தால் கத்தரியின் தோலிற் பள்ளங்கள் தோன்றும். பச்சைத் தக்காளி சீராகப் பழுக்காது. இக்கேடு பெரும்பாலும் வெளியே எடுத்த பின்னரே தெரியவரும். பலர் கூடிப் பயன்படுத்தும் அறை ஒன்றேயாயின், அதனை 12 பாகை அளவில் வைத்தல் நன்று. கரட்டும் கோவாவும் அங்கு நெடுநாள் நில்லாவிடினும் குளிராற் கேடுறா; மின்செலவும் குறையும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. அதிகாலையிற் பறித்து நிழலில் வைத்தல் வேண்டும். நசுங்கியவற்றையும் நோயுற்றவற்றையும் நீக்குதல் வேண்டும். ஓர் அழுகற் காய் பெட்டி முழுவதையும் கெடுக்கும்.

2. முற்பகலில் அறையில் அடுக்குதல் வேண்டும். அப்போது உச்சிவெயிலிற் கிடைக்கும் மின்னே காய்களின் வெப்பத்தை நீக்கும். மாலையில் அடுக்கினால் இரவுக்கெனச் சேமித்த குளிர் வீணாகும்.

3. சாக்குகளை விடுத்துத் துளையுள்ள பிளாத்திக்குப் பெட்டிகளைப் பயன்படுத்துக. பெட்டிகளுக்கும் சுவருக்குமிடையே காற்றுச் செல்ல இடம் விடுக. கதவை அடிக்கடி திறவற்க.

4. வாழைப்பழம், பழுத்த தக்காளி ஆகியவை வெளிவிடும் எதிலீன் வாயு கோவாவை மஞ்சளாக்கும், கரட்டைக் கசப்பாக்கும். அவற்றை ஒருங்கே வைத்தலாகாது.

5. வெங்காயத்தை இவ்வறையில் வைத்தலாகாது. ஈரத்தால் முளைத்து அழுகும். உலர்த்திக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

குளிரறை பழுதானதை நல்லதாக்காது. நல்லதைச் சில நாட்கள் காக்கும். எனவே அறைக் கூலியையும் எதிர்பார்க்கும் விலையையும் முதலில் ஒப்பிட்டுப் பார்த்து, விற்கும் நாளைத் தீர்மானித்த பின்னரே விளைபொருளை உள்ளே வைத்தல் வேண்டும்.