கனவில் எதைத் தேடுகிறோம்?

சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய நாட்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. பரீட்சை மண்டபத்தின் வாசலில் நிற்கிறேன். அனுமதி அட்டையைக் காணவில்லை. புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டுகிறேன். கொப்பிகளும் பேனைகளும் விழுகின்றன, அட்டை மட்டும் இல்லை. மணி அடிக்கிறது. திடுக்கிட்டு எழும்புகிறேன். வகுப்பில் இதைச் சொன்னபோது தோழிகள் பலர், "எனக்கும்தான்" என்றார்கள். ஒருத்தி தன் சப்பாத்தைத் தேடினாளாம். இன்னொருத்தி மண்டபத்தையே தேடினாளாம்.

தெஹிவளையில் எங்கள் வீட்டில் இன்னொருவருக்கும் தேடும் கனவு வரும். சில நாட்களில் சுபஹுக்கு எழும்பும்போதே உம்மும்மாவின் முகம் வாடியிருக்கும். "அலுமாரித் திறப்பைத் தேடினன் மகள். வீடெல்லாம் தேடியும் கிடைக்கேல்ல" என்பார்.

உறவினர் ஒருவர் கனவுப் பலன் புத்தகத்தைப் புரட்டி, திறப்புத் தொலைவது கெட்ட சகுனம் என்று சொல்லிவிட்டார். அன்று உம்மும்மா சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இந்த விடயத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

கனவுகள் மூன்று வகை என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். ஒன்று அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி. இரண்டாவது ஷைத்தான் ஏற்படுத்தும் கவலை. மூன்றாவது மனிதனின் உள்ளம் தன்னோடு தானே பேசிக்கொள்வது. கெட்ட கனவு கண்டால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேட வேண்டும், அதை ஊரெல்லாம் சொல்லித் திரியக்கூடாது என்பதும் அவர்களது வழிகாட்டல். அனுமதி அட்டையைத் தேடும் மாணவியின் கனவு மூன்றாவது வகை என்றே எனக்குப் படுகிறது. பகல் முழுவதும் பரீட்சையை நினைத்த உள்ளம் இரவிலும் அதையே பேசுகிறது.

கனவு விளக்கம் என்றதும் நினைவுக்கு வருபவர் ஹிஜ்ரி 110இல் காலமான பஸ்ரா நகர அறிஞர் இப்னு ஸீரீன். அவரது பெயரில் இன்று கிடைக்கும் கனவு நூல்கள் பிற்காலத்தவர் தொகுத்தவை. அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. இருவர் தாம் அதான் சொல்வதாகக் கனவு கண்டு வந்தார்கள். ஒருவருக்கு ஹஜ் கிடைக்கும் என்றார். மற்றவரைத் திருட்டில் அகப்படுபவர் என்றார். கனவு ஒன்றுதான், கண்ட மனிதர்கள் வேறு. அப்படியிருக்க, கண்டவரை அறியாத ஒரு புத்தகம் எப்படிப் பலன் சொல்லும்?

விஞ்ஞானமும் இதற்குத் தூரமில்லை. மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு தூக்க நிலையைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1953இல் வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் அதிகம் வருவது அந்நிலையில்தான். அப்போது மூளையில் உணர்ச்சிக்குரிய பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்கும். நிதானமாக யோசித்துத் திட்டமிடும் முன்பகுதியோ அடங்கியிருக்கும். கனவில் பதற்றம் பெரிதாக இருப்பதற்கும், ஒழுங்காகத் தேடி முடிக்க முடியாமல் இடம் மாறி இடம் அலைவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

இவற்றைப் படித்த பின் உம்மும்மாவிடம் பலன் எதுவும் சொல்லவில்லை. "அந்த அலுமாரிக்குள்ள என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அங்கிருந்த முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. என் உம்மாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உடுத்த உடுப்போடு உம்மும்மா வெளிக்கிட்டார். அலுமாரிக்குள் நகை இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். "என்ட வாப்பாட போட்டோ. அது ஒண்டுதான் இருந்தது. இப்ப அவர்ட முகம் மறந்து போகுது மகள்" என்றார்.

அவர் தேடியது திறப்பை அல்ல. இத்தனை வருடங்களாக எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

சூரா யூசுப் ஒரு சிறுவனின் கனவோடு தொடங்குகிறது. அதே சூராவில், மகனைப் பிரிந்து அழுதழுது பார்வை இழந்த யஃகூப் (அலை) அவர்கள், போய் யூசுபையும் அவரது சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று தம் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். நாங்களும் இப்போது தேடத் தொடங்கியிருக்கிறோம். புத்தளத்தில் இருக்கும் உறவினர்களின் பழைய கல்யாணப் படங்களில் எங்காவது ஓர் ஓரத்தில் அந்த முகம் இருக்கலாம். இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் உம்மும்மா சொல்லச் சொல்ல, அவரது வாப்பாவின் நடை, குரல், தொப்பி வைக்கும் விதம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்.

அன்புத் தோழிகளே, பெற்றோரே! உங்கள் வீட்டில் யாராவது எதையோ தேடுவதாகக் கனவு கண்டதாகச் சொன்னால், புத்தகத்தைப் புரட்ட முன் அவர் பக்கத்தில் சற்று அமருங்கள். என்ன தொலைந்தது என்று அவரிடமே கேளுங்கள்.