வெண்குட்டம் என்னும் பெயர்

எங்கள் ஊர்த் திருச்சபையில், திருவிருந்து நாள்களில் சபையார் யாவரும் முழந்தாளிட்டு எழுந்த பின்னரே என் தந்தையாரின் தமக்கையார் எழுந்து செல்வார். பொதுக்கிண்ணத்தில் பிறர் பருகிய பின்னரே தாம் பருகவேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறி. அவ்வாறு செய்யுமாறு கட்டளையிட்டவர் எவருமிலர். வேண்டாவென்று தடுத்தவரும் இலர். அவருடைய இதழோரத்திலும் கைவிரல்களிலும் பால்போல் வெளுத்த திட்டுகள் உண்டு. ஊரார் அதனை வெண்குட்டம் என்பர். தமிழ் பயிலத் தொடங்கிய பின் அப்பெயர் என் கருத்தை ஈர்த்தது. பெயரை ஆராயப் புகுந்து நோயையும் ஓரளவு கற்கலாயினேன்.

குஷ்டம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமே குட்டம். பண்டை மருத்துவ நூலார் அதனை ஒரு தனிநோயின் பெயராகக் கொண்டிலர். 18 வகையாகப் பகுத்து, சொறி, படை முதலியவற்றையும் அதனுள் அடக்கினர். பிற்காலத்தில் அச்சொல் பொருள் குறுகித் தொழுநோய் ஒன்றனையே சுட்டலாயிற்று. பொன் என்னுஞ் சொல் முன்னர் உலோகம் அனைத்திற்கும் பொதுவாயிருந்து, பின்னர்த் தங்கத்திற்கே உரியதானமை போல்வது இது. ஆயினும் ஐம்பொன் என்னுந் தொடரில் பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கின்றது. ஐம்பொற் சிலையைக் கண்டு ஐந்து வகைத் தங்கம் என்று எவரும் மயங்குவதில்லை. வெண்குட்டம் என்பதும் அத்தகைய தொடரே. வெண்மையான தோல்நோய் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இங்கோ மயக்கம் நேர்ந்துவிட்டது. தனிச்சொல் குறுகியபொழுது தொடரும் உடன் இழுக்கப்பட்டு, தோல் வெளுத்தவரெல்லாம் தொழுநோயரில் ஒரு சாரார் என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். இந்நாளில் வெண்புள்ளி என்று வழங்குவோர் பெருகி வருதல் நன்றே.

மருத்துவர் விட்டிலிகோ எனக் கூறும் இவ்வெண்புள்ளி கிருமியால் வருவதன்று. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் பொருளை ஆக்குதற்கென்றே தோலில் தனி உயிரணுக்கள் உள்ளன. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல், வீட்டாரையே கள்வரென மயங்கித் தாக்குங் காவலாளியைப்போல, அவ்வணுக்களை அழித்துவிடுகின்றது. நிறம் போகின்றதேயன்றித் தோலின் உணர்ச்சி கெடுவதில்லை. கண்ணையும் வாயையும் சூழவும், விரல்களிலும் முழங்கால்களிலும், பெரும்பாலும் இருபுறமும் ஒத்துத் தோன்றும். அவ்விடத்து மயிரும் வெளுப்பதுண்டு. உலக மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவர்க்கு இஃது உண்டென்பர். அவருள் பாதிப்பேர்க்கு 20 வயதிற்கு முன்னரே தொடங்குகின்றது. அஃதாவது திருமணப் பேச்செழும் பருவத்திற்குச் சற்று முன். சிலர்க்குக் குடிவழியாகவும், சிலர்க்குத் தைராய்டு சுரப்பியின் நோயோடு கூடியும் வரும். தொட்டாலோ, உடனுண்டாலோ, ஒரே கிண்ணத்திற் பருகினாலோ ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சாராது. களிம்புகளாலும் புறஊதாக் கதிராலும் பலர்க்கு நிறம் ஓரளவு மீள்கின்றது.

இதனோடு ஒத்துக் காணும் வேறொரு வெண்மையும் உண்டு. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில், ரப்பர்க் கையுறை அணிந்தோர் பலருக்குக் கைகள் வெளுத்தன. ரப்பரிற் கலந்திருந்த ஒரு வேதிப்பொருளே காரணமென்று அறியப்பட்டது. நம் பெண்டிர் நெற்றியில் ஒட்டும் பொட்டின் பசையாலும் சிலர்க்கு அவ்விடம் வெளுப்பதுண்டு.

தொழுநோயோ கிருமியால் வருவது. நார்வே நாட்டுப் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் 1873ஆம் ஆண்டில் அக்கிருமியைக் கண்டார். அஃது ஒன்று இரண்டாகப் பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகலின் உடலிற் புகுந்து நோயாய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டும், சிலர்க்கு 20 ஆண்டும் செல்லும். மருந்துண்ணாத நோயாளரோடு நெடுநாள் நெருங்கி வாழ்வார்க்கே மூக்கு, வாய் இவற்றின் துளிகளாற் பரவும். மக்களுட் பெரும்பாலார்க்கு அதனை வெல்லும் ஆற்றல் இயல்பாகவே அமைந்துள்ளது.

தொழுநோயால் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று நெடுங்காலம் நம்பினர். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய பால் பிராண்டு என்பார் அக்கருத்தை மாற்றினார். கிருமி நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டார்க்கு நோவு தெரிவதில்லை. கொதிகலத்தைப் பற்றினாலும், இரவில் எலி கடித்தாலும் அறியாராகலின் புண்மேற் புண்ணுற்று விரல் குறைகின்றது. நோவை வேண்டாவென்று வெறுக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். மடங்கி நின்ற விரல்களை, வேறிடத்துத் தசைநாண்களைக் கொணர்ந்து தைத்து அவர் மீண்டும் இயங்கச் செய்தார்.

இரண்டையும் வேறு பிரித்தறிய அந்நோவுணர்ச்சியே துணை. தொழுநோயின் திட்டு பால்போல் முற்றும் வெளுப்பதில்லை; மங்கியோ சிவந்தோ காணும். அவ்விடத்து உணர்ச்சி குன்றும், வியர்வை குறையும், மயிர் உதிரும். அத்தகைய திட்டுடையார் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

ஈண்டு வேதமொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு சொல். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களிற் கூறப்படும் நோய், ஆடையிலும் வீட்டுச் சுவரிலுங்கூடத் தோன்றுவது. உடல் முழுதும் வெளுத்தவன் தீட்டற்றவன் என்று அங்கே விதிக்கப்படுகின்றான். இஃது ஹான்சன் கண்ட நோயாதல் அரிது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தோர் செதிலெழுந்த தோலைக் குறிக்கும் லெப்ரா என்னுஞ் சொல்லை இட்டனர். நம் பழைய தமிழ் வேதம் குஷ்டரோகம் என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு தொழுநோய் என்கின்றது. குட்டத்தின் பழைய விரிபொருளை நோக்கின், முன்னையோர் இட்ட சொல்லே மூலத்திற்கு அணித்தென எனக்குத் தோன்றுகின்றது. ஆனால் அவ்விரிபொருளை இன்று எவர் அறிவார்?

சென்ற ஆண்டு அத்தையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கண்ணை மூடச் செய்து, பஞ்சின் நுனியால் மருத்துவர் தொட்ட ஒவ்வோரிடத்தையும் அவர் தவறாது விரலாற் சுட்டிக் காட்டினார். வழியெல்லாம், "அது இல்லையாம், அது இல்லையாம்" என்று மகிழ்ந்து வந்தார். யானும் மகிழ்ந்தேன். ஆயினும், "அது" உள்ளவர்க்கு இவ்விடையால் யாது பயன்? வெண்புள்ளியாரை விடுவிக்கத் தொழுநோயரைச் சுட்டி, "இவர் அவரல்லர்" என்று கூறுவது பாதி நீதியே. கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. நோயின் அளவிற்கேற்ப 6 அல்லது 12 திங்கள் உண்டாற் குணமாகும். உண்ணத் தொடங்கிய பின் பிறர்க்குப் பரவாது. அவ்வாறிருந்தும், 1869ஆம் ஆண்டுக் கிறித்தவர் மணவிலக்குச் சட்டத்திலிருந்து தொழுநோய் என்னுங் காரணம் நீங்கியது 2019இல் தான்.

அத்தையார் இப்பொழுது பந்தியின் நடுவே முழந்தாளிடுகின்றார். மருந்துண்டு வருந் தொழுநோயாளர் ஒருவர் அவர்க்கு வலப்புறம் முழந்தாளிட்டு, அதே கிண்ணத்தில் அவர்க்கு முன்னே பருகினால் யாது செய்வார் என்பதை யான் இன்னுங் கேட்டிலேன்.