கம்பியின் விலையும் காட்சியின் தரமும்

பலெர்மோ நகரின் தென்கிழக்கே, ரயில் பாதையை ஒட்டித் தொழிற்கூடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் பிரான்காச்சோ என்னும் பகுதி, அங்கேயே பிறந்து, 1990-இல் அங்கேயே பங்குத் தந்தையாகத் திரும்பி வந்து, 1993 ஜனவரியில் சிறுவர்களைத் தெருவின் தீயோரிடமிருந்து மீட்கும் பொருட்டு 'பாத்ரே நோஸ்த்ரோ' மையத்தைத் திறந்து, அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, தமது 56-வது பிறந்த நாளன்றே மாஃபியாவினரால் சுட்டுக் கொல்லப்பட்ட பினோ புலீசி அடிகளாரின் பெயரோடு உலகோர் நினைவில் நிலைத்துவிட்டது. அவருடைய சரித்திரத்தை ரொபெர்த்தோ ஃபாயென்ஸா 2005-இல் 'ஆல்லா லூச்சே தெல் சோலே' என்ற திரைப்படமாக்கினார். லூக்கா ட்ஸிங்கரெத்தி அடிகளாராக நடித்தார். அத்தகைய படத்தை, அது எந்த ஜனங்களைப் பற்றியதோ அந்த ஜனங்கள் தங்கள் வீட்டுக் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கையில், ஒளிப்பதிவாளர் சிரத்தையோடு அமைத்த நிழலும் நிறமும் சிதையாமல் அவர்களைச் சென்றடைய வேண்டும் என்பதே என் ஆவல். 1980-கள் தொட்டு பலெர்மோவில் வேரூன்றிய ஈழத்தமிழர் தங்கள் மொழிப் படங்களைப் பார்ப்பதற்கும் இது பொருந்தும். தடையாக நிற்பவை பெரும்பாலும் பணக் குறைவல்ல, பிழையான நம்பிக்கைகளே.

அவற்றுள் அதிக நஷ்டம் விளைவிப்பது, "பழைய தொலைக்காட்சிப் பெட்டி இனி எதற்கும் உதவாது" என்பது. 2012 கோடையில் சிசிலியில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. 2022 டிசம்பரில் ஒளிபரப்பின் சுருக்கமுறை மாறியது. 2024 ஆகஸ்ட் 28 முதல் இத்தாலிய அரசு நிறுவனமான ராய் தன் அலைவரிசைகளில் ஒரு தொகுதியை டி.வி.பி.-டி2 என்ற புதுமுறைக்கு மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நல்ல நிலையிலிருந்த பெட்டிகள் தெருவோரத்துக்கு வந்ததுண்டு. ஆனால் இம்மாற்றங்கள் யாவும் ஆன்டெனா வழியாக வரும் சமிக்ஞையை ஏற்கும் உறுப்பைச் சார்ந்தவை, எச்.டி.எம்.ஐ. துளை வழியாகக் கணினி அனுப்பும் படத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் துளை உள்ள பெட்டி, ஒளிபரப்பைப் பிடிக்கும் சக்தியை இழந்த பிறகும் கணினிக்கு முழுமையான திரையாகவே இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு இது சிறிய விஷயமன்று.

அடுத்தது, தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த கம்பி நிறங்களைச் செழுமையாக்கும் என்ற நம்பிக்கை. எச்.டி.எம்.ஐ. கம்பியில் செல்வது நிறமல்ல, எண்கள். மறுமுனை ஒவ்வொன்றையும் பூஜ்யம் அல்லது ஒன்று எனத் தீர்மானிக்கிறது. கம்பி பழுதானால் திரையில் மினுமினுக்கும் புள்ளிகள் தோன்றும், அல்லது படம் விட்டுவிட்டு மறையும். "சற்று வெளுத்த" படம் என்ற ஒன்றை அது தரவே முடியாது. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 1080 கோட்டுப் படத்துக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் போதும். 'ஹை ஸ்பீடு' என்று அச்சிட்ட சாதாரணக் கம்பியோ 10.2 கிகாபிட் தாங்குமாறு வகுக்கப்பட்டது. கடற்காற்று வீசும் ஊரில் தங்க முலாம் முனைகளை அரிப்பிலிருந்து காக்கும் என்பது மெய்தான். அந்த உபகாரம் அத்தோடு முடிகிறது. 4கே படத்தை 60 முறை வேகத்தில் அனுப்பவோ, பல மீட்டர் தூரம் கொண்டு செல்லவோ வேண்டியவர் மட்டும் கூடுதல் செலவு செய்வதில் நியாயம் உண்டு.

உயர்தெளிவுத் திரையில் போட்டால் எந்தப் படமும் உயர்தெளிவு பெற்றுவிடும் என்போரும் உளர். ஐரோப்பாவில் விற்கப்பட்ட, 'பால்' (PAL) என்னும் தொலைக்காட்சி முறையிலான டிவிடியில் படத்தின் ஒரு சட்டம் 720-க்கு 576 புள்ளிகள் கொண்டது. 1920-க்கு 1080 கொண்ட திரையின் புள்ளிகளில் அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய நான்கு பங்கையும் இயந்திரம் அனுமானத்தால் நிரப்புகிறது.

இனி, ஏனையவற்றைவிட நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, "படம் இருண்டிருக்கிறது, ஆகவே பெட்டி கெட்டுவிட்டது" என்ற முடிவைப் பற்றியது. கணினி கறுப்பை 0 என்றும் வெண்மையை 255 என்றும் எண்ணும் வழக்கமுடையது. தொலைக்காட்சியும் திரைப்படப் பதிவுகளுமோ பழைய சம்பிரதாயப்படி கறுப்பை 16-இலும் வெண்மையை 235-இலும் வைக்கின்றன. கணினி தன் முழு அளவில் அனுப்ப, பெட்டி குறுகிய அளவை எதிர்பார்த்திருந்தால், 16-க்குக் கீழ்ப்பட்ட நிழல்கள் அனைத்தும் ஒரே கறுப்பாக அடைந்துபோகும். இரவில் தெருமுனையில் நிற்பவரின் முகம் காணாமற்போவது இதனால்தான். மாறாக நேர்ந்தால் கறுப்பு சாம்பலாகி, படம் முழுவதும் புகை படர்ந்ததுபோல் தோன்றும். பலர் இதைக் கண்டதும் பிரகாசத்தை ஏற்றி இறக்கி, ஒரு பிழையின்மேல் இன்னொரு பிழையை அடுக்குகிறார்கள். செய்யவேண்டியது ஒன்றே: கணினியின் திரை அமைப்பில் 'ஃபுல்', 'லிமிடெட்' எனக் காணப்படுவதையும், தொலைக்காட்சியில் 'பிளாக் லெவல்' என்றோ அதற்கு நிகரான பெயரிலோ இருப்பதையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்தல்.

படத்தின் ஓரங்கள் வெட்டுண்டு, அடியிலுள்ள மொழிபெயர்ப்பு வரி பாதி மறைவதும் பழுதன்று. படக்குழாய்க் காலத்தில் விளிம்புகள் நேராக அமையாததால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களைப் பெட்டியின் விளிம்புக்குள் மறைத்தார்கள். தட்டையான திரைக்கு அவசியமற்ற அந்தப் பழக்கத்தைப் பல பெட்டிகள் இன்னும் விடவில்லை. 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்பதைத் தேர்ந்தால் முழுப் படமும் வந்துவிடும்.

விநாடிக்கு 60 என்பது 24-ஐவிட எப்போதும் மேல் என்பதும் ஏற்கத்தக்கதன்று. திரைப்படம் பெரும்பாலும் விநாடிக்கு 24 சட்டங்களாகவே எடுக்கப்படுகிறது. 60 அதன் முழு மடங்கன்றாதலால், ஒரு சட்டம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்பட்டு, மெதுவாகத் திரும்பும் காட்சி தடுக்கித் தடுக்கி நகர்கிறது. பெட்டி இடங்கொடுத்தால் கணினியை 24-க்கு மாற்றுவதே அந்தப் படத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

ஒலி வராவிட்டால் கம்பியைக் குறைகூறுவோர், பழைய வி.ஜி.ஏ. இணைப்பு ஒலியைச் சுமப்பதே இல்லை என்பதையும், எச்.டி.எம்.ஐ. சுமக்கும் என்றாலும் ஒலி போகவேண்டிய இடமாகத் தொலைக்காட்சியைக் கணினியில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் அறிதல் நன்று. இசை முழங்க, பேச்சு மட்டும் கேளாமற்போகும் நிலை வேறு: ஆறு தடங்கள் கொண்ட ஒலியில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருப்பதால், இரண்டே ஒலிபெருக்கி உள்ள பெட்டிக்குக் கணினி '5.1' என அனுப்பும்போது அது தவறிவிடக்கூடும். அமைப்பை 'ஸ்டீரியோ' என மாற்றினால் நடுத்தடம் இருபுறமும் பகிரப்பட்டு நடிகர்களின் குரல் தெளிவாகக் கேட்கும்.