ஊறுகாய் போடக் கூச்சம் எதற்கு?

கேள்வி: மணமாகி காஞ்சிபுரம் வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆலயத்து மாதர் சங்க அக்காமார் ஊறுகாய், ஜாம் போடுவதில் கைதேர்ந்தவர்கள். கற்றுக்கொள்ள ஆசை, கேட்கக் கூச்சம். காய்கறியையும் பாட்டிலில் அடைக்கலாமா?

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: கூச்சமே வேண்டாம், மகளே. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், "அக்கா, அடுத்த முறை போடும்போது நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். காய் நறுக்க ஒரு கை கிடைத்தால் வேண்டாம் என்பவர் யார்?

வடுமாங்காயிலிருந்து தொடங்குங்கள். மாசி, பங்குனியில் பிஞ்சு வரும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு, தினமும் குலுக்கிவிட வேண்டும். வடு சுருங்கித் தண்ணீர் விட்ட பிறகே மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும். எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லிவிட முடியாது. அக்காவின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும். நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்படைப்பதும் அப்படித்தான்.

பீன்ஸ், கேரட்டை வெறும் தண்ணீரில் வேகவைத்து பாட்டிலில் அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் புளிப்பு இல்லை. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி நஞ்சை உண்டாக்கும். அதன் வித்துகள் 100 டிகிரி கொதியிலும் சாகாது. அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அதற்கென்றே செய்த கருவி இல்லாமல் வீட்டில் முயல்வது உயிருக்கே ஆபத்து. உப்பும் புளிப்பும் காக்கும் ஊறுகாய், சர்க்கரை காக்கும் ஜாம், இவை போதும்.

முறையாகப் பயில விரும்பினால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அதற்கு முன், இந்த ஞாயிறே அக்காவிடம் பேசிவிடுங்கள்.