கோளிடைத் தூசு: தங்கவயல் மாணவர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

● இராசிமண்டல ஒளி: சூரியனைச் சுற்றும் நுண்தூசு சூரிய வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தெரியும் மங்கலான ஒளிக்கூம்பு. இதை விரிவாக ஆராய்ந்தவர் காசினி, 1683. பிப்ரவரி, மார்ச்சில் அந்தி மங்கிய பிறகு மேற்கிலும், செப்டம்பர், அக்டோபரில் விடியலுக்கு முன் கிழக்கிலும் தெரியும். நிலா இருக்கக் கூடாது. தங்கவயலில் மேற்கே பெங்களூரு வெளிச்சம் கெடுக்கும். விடியற்காலைக் கிழக்கே மேல்.

● விண்கலம் எதற்கு? பூமியிலிருந்து பார்த்தால் வழியிலுள்ள தூசின் ஒளியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே வரும்; எந்தத் தொலைவில் எவ்வளவு தூசு என்று பிரிப்பது கடினம். நகர்ந்துகொண்டே அளக்கும் கலத்துக்கு அது எளிது.

● ஹீலியோஸ் 1 (1974), ஹீலியோஸ் 2 (1976): மேற்கு ஜெர்மனியும் நாசாவும் இணைந்து அனுப்பியவை. சூரியனிலிருந்து சுமார் 0.3 வானியல் அலகு வரை நெருங்கின. நெருங்க நெருங்க ஒளி கூடியது.

● பயனியர் 10 (1972): எதிர்த்திசைப் பயணம். சுமார் 3.3 வானியல் அலகுக்கு அப்பால் இந்த ஒளியைப் பிரித்தறிய முடியவில்லை. ஹீலியோஸையும் இதையும் சேர்த்தே படியுங்கள்.

● தூசு நிலையாக இருப்பதில்லை. பாய்ன்டிங்-ராபர்ட்சன் விளைவால் சுழன்று சூரியனை நோக்கி இறங்கும். வால்மீன்களும் சிறுகோள்களும் புதுத்தூசு தருகின்றன.

● ஜூனோ (ஏவல் 2011): தூசுக் கருவியே கிடையாது! தூசு மோதிச் சூரியத் தகடுகளிலிருந்து தெறித்த துணுக்குகள், விண்மீன்களைப் பார்த்துத் திசையறியும் கேமராவில் பதிவாயின. இந்தத் தூசின் பிறப்பிடம் செவ்வாய் என்று 2021-இல் ஒரு குழு சொன்னது. அது கருத்து, முடிந்த முடிவல்ல.

● டெக்ஸ்: அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் கருவி. 2024 ஜனவரி 1, பிஎஸ்எல்வி-சி58. ராக்கெட்டின் நான்காம் நிலையான போயம் மேடையில், சுமார் 350 கி.மீ. உயரத்தில் இயங்கியது. தூசு மோதுவதைப் பதிவுசெய்வது இதன் வேலை, ஒளியை அளப்பதன்று. கேள்வியில் இங்கேதான் மடக்குவார்கள்.

● நம் சுரங்கம்: தூசுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில் 1965-இல் பதிவானது வளிமண்டல நியூட்ரினோ. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சி. அவ்வளவு பாறை காஸ்மிக் கதிர் மியூவான்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். நியூட்ரினோ புகுந்து வரும். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரெய்ன்ஸ் குழுவும் கண்டது. ரெய்ன்ஸின் 1995 நோபல் பரிசு இதற்கல்ல, 1950-களின் அணு உலைச் சோதனைக்கு.