நாற்பதுக்குப் பிறகு விமானி: கடைக் கணக்கில் பார்ப்போம்

சீனன்குடாவில் விமானப்படைக் கல்விக்கூடம் இருப்பதால் லிங்கநகரில் வளரும் பிள்ளைகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. சின்ன வயதில் அண்ணாந்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த ஆசை வயது போன பிறகும் விடுவதில்லை. சென்ற மாதம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த தம்பியும் அப்படித்தான். வயது நாற்பத்திரண்டு. ஹார்ட்வெயார் கடை நன்றாக ஓடுகிறது. "நானா, கடையைக் கொடுத்துப்போட்டு பைலட் படிப்புக்குப் போகப் போறன். என்ன சொல்றீங்க?" என்றார்.

சிரிக்கவேண்டிய கேள்வியல்ல இது. வெளிநாடுகளில் நாற்பது வயதில் விமானியானவர்கள் இருக்கிறார்கள். தொழிலை மாற்ற நினைக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு உதவும் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலைக்காரருக்கு 'பைலட்' என்றால் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் ஆகாயத்தில். மற்றவர் துறைமுகத்தில் சிறு படகில் போய், கயிற்று ஏணியில் ஏறி, பெரிய கப்பலை உள்ளே கொண்டுவருபவர். துறைமுக பைலட்டாக வருபவர் பெரும்பாலும் பல வருடம் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். நடுவயதில் வேலை மாறுகிறார், ஆனால் பழைய அனுபவம் முழுவதும் புதிய வேலைக்கு முதலாக வருகிறது. கடைக்காரர் விமானியானால் அப்படியல்ல. இருபது வருட வியாபார அனுபவத்துக்கு விமானத்துக்குள் ஒரு மணித்தியாலம்கூடக் கழித்துத் தரமாட்டார்கள். எல்லாம் பூச்சியத்திலிருந்து.

முதலில் வயதுக் கணக்கு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இரண்டு விமானிகள் ஓட்டும் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை வேலை செய்யலாம். முன்பு 60 ஆக இருந்ததை 2006 நவம்பரில் உயர்த்தினார்கள். தனியொருவராக ஓட்டும் வர்த்தக விமானமானால் இன்னும் 60 தான். நமது தம்பி இன்று தொடங்கினால் படிப்புக்கு இரண்டு வருடம், வேலை தேட ஒன்றோ இரண்டோ வருடம். நாற்பத்தாறில் முதல் சம்பளம் கிடைத்தால் மிச்சம் பத்தொன்பது வருடம். குறைவான காலமல்ல. ஆனால் அவ்வளவும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, ஏனென்றால் அது உடம்பின் கையில் இருக்கிறது.

வர்த்தக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர் பயணிகளைத் தனியாக ஓட்டிச் செல்வதானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கண்ணாடி போட்டவர் போகலாம். நிறம் பிரித்தறிய முடியவேண்டும். இதயம், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். இன்சுலின் போடுபவருக்குப் பெரும்பாலான நாடுகளில் கதவு மூடியிருக்கிறது. சாயத் தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடும் நமது கடைத்தெரு ஆட்கள் இதை யோசிக்க வேண்டும். கடைக்காரருக்குச் சீனி வியாதி வந்தாலும் கடை திறந்திருக்கும். விமானிக்குச் சான்றிதழ் போனால் அன்றோடு வருமானமும் நின்றுவிடும்.

அடுத்தது பணம். சர்வதேச விதி கேட்கும் பறப்பு நேரம் சாதாரணமாக 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பாடநெறியானால் 150. நான்கு இருக்கை செஸ்னா 172 விமானம் ஒரு மணித்தியாலத்துக்கு முப்பது லீற்றர் அளவில் எரிபொருள் குடிக்கும். 200 மணித்தியாலத்துக்கு ஆறாயிரம் லீற்றர். விமானம், உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் டொலரில் வருபவை. 2022 மார்ச்சில் நமது ரூபா விழத் தொடங்கியபோது ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. பாதிப் படிப்பில் நின்ற மாணவனின் நிலை என்னவாகியிருக்கும்? வட்டிக்கு எடுத்துப் படித்தவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லைசன்ஸ் கையில் வந்தால் வேலை வந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. எயார்பஸ் போன்ற பெரிய விமானத்தை ஓட்ட, அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு வேறு பெரிய தொகை. ஹைதராபாத்தில் பேக்கரித் தொழிலாளியின் மகளான சயீதா சல்வா பாத்திமா பிறர் உதவியால் வர்த்தக விமானி லைசன்ஸ் எடுத்தார். ஆனாலும் மேற்பயிற்சிக்குப் பணமில்லாமல் வருடக்கணக்கில் காத்திருந்தார். தெலுங்கானா அரசு கைகொடுத்த பிறகுதான் வழி திறந்தது. அவர் இளம் வயதுக்காரி, காத்திருக்க முடிந்தது. நாற்பத்தைந்தில் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து கழிகிறது.

அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமானக் கம்பனியில் சேர, சில விதிவிலக்குகள் தவிர, 1500 மணித்தியாலம் வேண்டும். ஆகவே புதியவர்கள் முதலில் பயிற்றுவிப்பாளராக வேலை செய்து நேரம் சேர்க்கிறார்கள். நாற்பது வயதுக்காரருக்கும் இது நடக்கக்கூடிய பாதைதான். ஆனால் அங்கே வேலை செய்யும் உரிமை இருப்பவருக்கு.

தம்பி கணக்குக் கொப்பியில் இரண்டு நிரல் போட்டு வந்திருந்தார்: படிப்புச் செலவு, வீட்டுச் செலவு. மூன்றாவது நிரலை நான் போட்டேன். அந்த நாலு வருடம் கடை தந்திருக்கக்கூடிய இலாபம். கையிலிருந்து போகாததால் அதை யாரும் செலவாக எழுதுவதில்லை. அதைக் கூட்டியதும் மொத்தம் ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. இன்னொன்று கொப்பியில் எழுதவே முடியாதது: புறக்கோட்டையில் இவருடைய பெயரைச் சொன்னால் இரண்டு மாதத் தவணைக்குச் சரக்கு ஏற்றுகிறார்கள். கடையை விற்கலாம், அந்தப் பெயரை விற்கவும் முடியாது, ஐந்து வருடம் கழித்து வந்து திரும்ப வாங்கவும் முடியாது.

இன்னொன்றையும் கேட்டேன். விமானக் கம்பனிகளில் பெரும்பாலும் சேர்ந்த திகதியை வைத்துத்தான் மூப்பு. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை கப்டனாக இடப்பக்கம் இருப்பார், நீங்கள் வலப்பக்கம் இருந்து அவர் சொல்வதைச் செய்ய வேண்டும். இவ்வளவு காலம் முதலாளி என்று கூப்பிடப்பட்டவருக்கு அது முடியுமா? சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முடியும் நானா" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

ஆகவே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொன்னேன். கட்டணம் கட்டுவதற்கு முன் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் இரத்மலானைக்குப் போய் ஒரு பயிற்சிப் பாடசாலையில் ஒரு மணித்தியாலம் பறந்து பார்ப்பது. பிறகு கடையை விற்காமல், நம்பிக்கையான ஒருவரைப் பங்காளியாக்கி எழுத்தில் ஒப்பந்தம் செய்து நடத்துவது. கட்டணத்தை ஒரே தடவையில் கட்டாமல் பறக்கப் பறக்கக் கட்டும் இடமாகப் பார்ப்பது. மனைவியிடம் முழுத் தொகையையும் சொல்வது. (இதுவரை அவர் பாதித் தொகையைத்தான் சொல்லியிருந்தார்.)

போன கிழமை வந்தார். கண் சரி, காது சரி. இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். என் கடையில் தேநீர் கொடுத்தேன், சீனி வேண்டாம் என்றார். அவருடைய கடை திறந்துதான் இருக்கிறது.